வரவேண்டியது

சட்டையைக் கழற்றச் சொன்னதும் என் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான், ஏதோ நான்தான் இந்த ஆஸ்பத்திரிக்குச் சட்டம் எழுதியவள் மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், கதவு இடுக்கு வழியாக நர்ஸ் குரல் மட்டும் வெளியே வருகிறது, "பனியனையும்தான் சார், துணிக்கு மேல வச்சா சூடு எப்படிப் போகும்," என்று. பார்த்திபனுக்கு முப்பத்தைந்து வயது, பாலம் கட்டுகிற கம்பெனியில் எஞ்சினியர், சைட்டில் இருநூறு பேரை விரட்டி வேலை வாங்குகிறவன், இங்கே மூன்று நர்ஸுகள் முன்னால் பனியனைத் தலை வழியாக உருவத் தெரியாமல் கை மாட்டிக்கொண்டு நிற்கிறான். வெள்ளையாக, கொஞ்சம் தொப்பை விழுந்து, நெஞ்சில் சுருட்டை முடியோடு. இந்த உடம்பை நான் கடைசியாகப் பார்த்தது அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலையால் முதுகில் தடவிக்கொண்டிருந்தேன், எட்டு வயதா ஒன்பதா. சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். எங்கேயோ வயர்களுக்கு நடுவிலிருந்து அதை எடுக்கிறார்கள். அது என்றுதான் சொல்ல வருகிறது, எட்டாம் மாதமே வந்துவிட்டது, பெயர் இல்லை, முகம் என்று சொல்ல ஒரு சுருக்கம்தான் இருக்கிறது, தலையில் ஒரு குட்டிக் குல்லாய், இடுப்பில் அதைவிடப் பெரிதாக ஒரு துணி. அவன் நெஞ்சில் தவளையை ஒட்டவைக்கிற மாதிரி ஒட்டவைத்து, மேலே ஒரு பட்டைத்துணியைச் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டு நர்ஸ் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான். இதைச் செய்யவேண்டியவள் தாரணி, அவன் பெண்டாட்டி, அவள் மாடியில் ஐசியூவில் கிடக்கிறாள், பிரஷர் ஏறி வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்து இதை எடுத்து மூன்று நாளாகிறது, இன்று காலையில்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாளாம். குழந்தைக்கு உடம்பு சூடு நிற்கவில்லை, யாராவது நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும், அப்பா இருந்தால் அப்பா, என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இருக்கிறான். இதோ, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

கொஞ்சம் முன்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் வைத்துச் சொன்னான், பிளாஸ்டிக் டம்ளரைக் கசக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, எனக்கு ஒண்ணும் வரலைக்கா." எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தேன். "என்ன வரல?" "இல்ல, எல்லாரும் சொல்வாங்கல்ல, குழந்தையைப் பார்த்ததும் ஏதோ ஒண்ணு. எனக்கு ஒண்ணுமே வரல. மூணு நாளா நிக்கிறேன். ஏதோ யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்கு." "வர்றதுக்கு அது என்ன சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போற டவுன் பஸ்ஸா, நின்னு பாத்துக்கிட்டிருக்க," என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் டம்ளரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "நீ சொல்லேன், அத்திம்பேருக்கு வந்துச்சா, நம்ம அப்பாவுக்கு வந்துச்சா," என்றான். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். நல்லவேளை. என் வாய்க்குப் பதில் இல்லாமல் போவது அபூர்வம், அப்படிப் போகும்போது எனக்குக் கோபம்தான் வரும், இப்போதும் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. எல்லாரும் சொல்வாங்கல்ல. யாருடா அந்த எல்லாரும். சினிமாக்காரன் சொன்னான். பிரசவ அறைக் கதவு திறக்கும், நர்ஸ் ஒரு துணிமூட்டையோடு வெளியே வருவாள், அதற்குள் எந்தக் குழந்தையும் இருக்காது, இருந்தாலும் அது நாலு மாதத்துப் பிள்ளை, தலை நின்று கண் விழித்து யாரையோ பார்த்துச் சிரிக்கும், அப்பாக்காரன் வாங்குவான், பின்னால் புல்லாங்குழல், கண்ணில் தண்ணீர். அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அப்புறம் பவுடர் விளம்பரம், வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளை மெத்தை, முடியே இல்லாத நெஞ்சில் ஒரு குழந்தை தூங்கும். போதாததற்கு தாரணி ஆறாம் மாதத்திலிருந்து மொபைலில் ஏதோ வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கும் காட்டினாள், ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்சிக் கொஞ்சிச் சொல்கிறாள், முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம், அந்த நேரத்தில் அப்பா தொட்டால்தான் உறவு ஒட்டும், விட்டால் ஒட்டாது என்று. என்னவோ சிமெண்ட் மாதிரி. "கேட்டுக்கிட்டீங்களா அண்ணி," என்றாள் தாரணி, முகமெல்லாம் சிரிப்பாக, "அவரையும் பக்கத்துல நிக்கவைக்கப் போறேன்." நின்றானா? அந்த முதல் ஒரு மணி நேரம் அவன் கீழே ரத்தம் வாங்க ஓடிக்கொண்டிருந்தான். அந்த நேரம் போயே போய்விட்டது. அவளுக்குப் பேச்சு வந்ததும் இதைத்தான் கேட்கப்போகிறாள். எனக்குத் தெரியும்.

ஏதாவது ஒட்டியிருந்தாலும் அதை எண்ணெய் ஊற்றி வழுக்கவிட்டாயிற்று. கமலவேணி அத்தை, தாரணியின் அம்மா, முதல் நாளே, குழந்தை உள்ளே வயர்களோடு கிடக்கும்போதே திருவாரூர் ஜோசியருக்குப் போன் போட்டாள். மூல நட்சத்திரம், முதல் பாதம், அப்பாவுக்கு ஆகாது. நேரே முகம் பார்க்கக் கூடாது, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் விழுகிற முகத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டிலும் செய்வதுதான், கொடி சுற்றிப் பிறந்தால் மாமனைப் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் அந்தக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காட்டுவார்கள், எண்ணெயில் பொக்கை வாய் தெரியும், எல்லாரும் சிரிப்பார்கள், முடிந்தது. இங்கே குழந்தை கண்ணாடிக்கு உள்ளே இருபதடி தள்ளி ஒரு பெட்டிக்குள். "அதனால என்ன, தெரியாமலா போயிடும்," என்று அத்தை கண்ணாடியோடு ஒட்டிக் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தாள், பார்த்திபன் உள்ளே பார்த்துவிடக் கூடாதென்று அவனை முதுகு காட்டி நிற்கவைத்தாள், வாட்ச்மேன் வந்து எண்ணெய் கொட்டினால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று சத்தம் போட்டான், "ரெண்டு நிமிஷம் தம்பி, உசுரு விஷயம்," என்று அவனிடம் கெஞ்சினாள். "தெரியுதா மாப்ளே?" பார்த்திபன் குனிந்தான். "தெரியுதா?" "தெரியுது." "நல்லாத் தெரியுதா?" "நல்லாத் தெரியுது அத்தை." அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை முந்தானையால் மூடிக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் என்னிடம் சொன்னான், டியூப்லைட்தான்க்கா தெரிஞ்சுது, ஒரு கோடு, நடுவுல என் மூக்கு. சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, எனக்கு ஏனோ முதுகில் சில்லென்றது. பொய் சொன்னதற்காக இல்லை. வேறு என்னதான் சொல்வான், நடுக் காரிடாரில் ஒரு கிழவி கிண்ணத்தோடு நின்றால். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தத் தெரியுது. தெரியவேண்டியது தெரிகிறது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. இப்படி எத்தனை பேர் குனிந்து பார்த்துவிட்டு, தெரியுது என்று சொல்லி நிமிர்ந்திருப்பார்கள், எண்ணெய் இல்லாமலேயே.

நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறார்கள். கைகளை இப்போது எடுத்துவிட்டான், ஒரு கையை மட்டும் அந்தத் துணிக்கட்டின் மேல் வைத்திருக்கிறான், வைத்திருக்கிறானா, இல்லை, ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் பிடித்திருக்கிறான். தொட்டுத் தொலையேன்டா. கண் குழந்தை மேல் இல்லை. பக்கத்தில் இருக்கும் மானிட்டரைப் பார்க்கிறான், பச்சை எண்ணும் நீல எண்ணும் ஏறி இறங்குவதை. காங்கிரீட் இறுகுகிறதா என்று பார்க்கிற பார்வை. எனக்கு எங்கள் ஸ்கூலில் கிறிஸ்துமஸுக்கு வைக்கிற குடில் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அட்டைப்பெட்டியிலிருந்து வைக்கோலை விலக்கி மண்பொம்மைச் சுரூபங்களை எடுத்துத் துடைத்து அடுக்குவது எட்டாம் வகுப்புப் பெண்கள் வேலை. நடுவில் தொட்டில், குழந்தை, குனிந்து பார்க்கிற மரியாள், சுற்றி ஆடு, மாடு, ராஜாக்கள் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், குழந்தைக்கு அப்பாவான சூசையப்பர் மட்டும் கொஞ்சம் தள்ளி, கையில் ஒரு விளக்கோடு, வாசல் பக்கம் பார்த்து நிற்பார். நான் ஒருநாள் அவரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன், இடம் காலியாக இருந்தது. சிஸ்டர் ஃபிலோமினா வந்து பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார். "ஏன் சிஸ்டர் அவர் தூக்கக் கூடாதா?" என்றேன். "அவர் காவல் காக்கிறார், வத்சலா. அப்பாக்கள் காவல் காப்பார்கள். நீ மாட்டைத் துடை." மாட்டைத் துடைத்தேன். அந்த வயதில் அது போதுமானதாக இருந்தது, பெரிய பதிலாகக்கூட இருந்தது, எங்கள் அப்பாவுக்கும் அது சரியாகப் பொருந்தியது. ரயில்வே தபாலில் வேலை, ராத்திரி முழுக்க ஓடுகிற மெயிலில் நின்றுகொண்டு கடிதம் பிரிப்பார், பகலில் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குவார், நாங்கள் நுனிக்காலில் நடப்போம். தள்ளி நிற்கிற ஆள். வாசலைப் பார்க்கிற ஆள். காவல் காக்கிறவர் என்று ஒரு வார்த்தை கிடைத்ததும் அவர் எங்களைத் தூக்காதது, தலையைத் தடவாதது, பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு ஒருமுறைகூட வராதது எல்லாம் பவித்திரமாகிவிட்டது. ஒரு சுரூபத்தை எங்கே வைப்பது என்று ஒரு கன்னியாஸ்திரீ சொன்னதை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு மட்டும் யார் சொன்னது. அவர் எந்த அப்பாவைப் பார்த்தார். பத்தொன்பது வயதில் மடத்துக்குள் வந்தவர்.

அத்திம்பேருக்கு வந்துச்சா என்று கேட்கிறான். அவன் அத்திம்பேர், என் வீட்டுக்காரர் சேதுராமன், எங்கள் ஷைலஜா பிறந்த அன்று வந்து எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு, "காது எங்கப்பா காது," என்றார், பிறகு டீ சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் தையல் வலியோடு படுத்துக்கொண்டு அந்த டீக்காக அவரை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன், வாய்விட்டும் விடாமலும், சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அந்த டீக்கடைக்குத்தான் வந்து சேரும், "பெத்த பிள்ளையைப் பார்த்துட்டு டீ குடிக்கப் போன மனுஷன்தானே." இன்றைக்கு ஷைலஜா ஹைதராபாத்தில் ஸ்கூட்டர் பஞ்சரானாலும் அவருக்குத்தான் போன், ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்பதற்குக்கூட அவருக்கு, அவர் என்னிடம் கேட்டு அவளிடம் சொல்கிறார். இது எப்போது வந்தது? எந்த நாளில்? நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், அடுப்படிக்கும் ஹாலுக்கும் எவ்வளவு தூரம், எனக்குத் தெரியாமல் எப்போது வந்து உட்கார்ந்தது? புல்லாங்குழல் கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். இதை அவனிடம் சொல்லலாம், ஆறுதலாக இருக்கும், ஆனால் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வராது, வந்தாலும் அது வேறு ஏதோ ஒன்றாகப் போய் விழும். தவிரவும் வராமலே போனவர்களும் உண்டே. வரும் வரும் என்று சொல்லி, வராமலே அறுபது வயதாகிச் செத்துப்போனவர்கள்.

அப்பாவுக்கு வந்துச்சா. இதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதனால்தான் தண்ணீர் கேன் பக்கத்தில் வாயடைத்து நின்றேன், சொல்லியிருந்தால் பார்த்திபனுக்கு வலித்திருக்கும். அம்மா எனக்கு மட்டும் சொன்ன கதை அது. நான் பிறந்த அன்று அப்பா டியூட்டி முடிந்து ஜங்ஷனில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், கரி படிந்த சட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாராம், என்னை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாராம், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதாம், கரி என் நெற்றியில் ஒட்டிக்கொண்டதாம். அப்பா என்னை ஏசின நாளிலெல்லாம், என் மார்க் ஷீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட நாளிலெல்லாம் அம்மா ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைச் சொல்வாள், நான் அந்தக் கரியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி நெற்றியைத் தொட்டுக்கொள்வேன். பார்த்திபன் பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது, பக்கத்தில் நின்றேன், அப்பா வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், "எல்லாம் சரியா இருக்கா," என்று கேட்டார், தபால் பை வந்து சேர்ந்ததா என்று கேட்கிற குரலில், அவ்வளவுதான், போய்விட்டார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம். எனக்கு அழுதவர் இவனுக்கு அழவில்லை. ஆண்பிள்ளை என்று எல்லாரும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருக்க நான் மட்டும் அந்தச் சொத்தை இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன், இதுவரைக்கும். அதை வைத்துத்தான் சேதுராமனின் டீயை அளந்தேன். அதை வைத்துத்தான், இப்போது பார்த்தால், இதோ உட்கார்ந்திருக்கிறவனையும் அளந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு நான் பிறந்தபோது ஆயுதம் போட்டு எடுத்தார்கள். குளோரோபாம் கொடுத்து. மறுநாள் மத்தியானம்தான் அவளுக்கு நினைவு வந்தது, இதையும் அவளே சொல்லியிருக்கிறாள், எத்தனையோ தடவை, கண்ணைத் திறந்தா ஜன்னல்ல வெயிலு, பக்கத்துல நீ இருக்கே. இரண்டு கதையையும் அம்மாதான் சொன்னாள். இரண்டையும் நான் தனித்தனியாக வைத்திருந்தேன், இரண்டு பீரோவில் வைத்த மாதிரி. அவள் மயக்கத்தில் கிடந்தாள். அப்பா வந்ததை அவள் பார்த்திருக்க முடியாது. அப்படியானால் கரியைப் பார்த்தது யார்? கூட இருந்தது ராஜம் அத்தை, அப்பாவின் அக்கா. கண் விழித்த அம்மா கேட்டிருப்பாள், அவர் வந்தாரா, தூக்கினாரா என்று. ராஜம் அத்தை ஏதோ சொல்லியிருப்பாள். நல்ல மனசு அவளுக்கு.

கால் வலிக்கிறது, உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் கண்ணாடிக்குக் கீழே போய்விடுவேன், அவன் நிமிர்ந்து பார்க்கும்போது நான் இல்லாவிட்டால் எழுந்துவிடுவானோ என்று இருக்கிறது. பைத்தியக்காரத்தனம். துணி முடிச்சோடு எங்கே எழுவான். நான் பயப்படுவது அதற்கில்லை. மூன்று நாளாக அடியில் போட்டு மூடி வைத்திருக்கிற பயம் வேறு, அது இப்போது எட்டிப் பார்க்கிறது. மாடியில் இருப்பவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால். காலையில் தண்ணீர் கேட்டாள், சரி, ஆனால் சிறுநீரகம் இன்னும் சரியாக வேலை செய்யவில்லையாம், இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்கிறார்கள். அவள் போய்விட்டால், இவனுக்கு ஒன்றும் வரவில்லை என்றால், இந்தக் குழந்தை யாரிடம் வரும். கமலவேணி அத்தைக்கு முழங்கால் மடங்காது, மூல நட்சத்திரத்தை வேறு கட்டிக்கொண்டு அழுவாள். என்னிடம்தான் வரும். வத்சலா இருக்கா, அவதானே அவனையே வளர்த்தா. அப்படித்தான் சொல்வார்கள், இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், என் நாத்தனார் நேற்று போனில், "உனக்கும் பொழுது போகணும்ல," என்றாள். நாற்பத்தொன்பது வயதில், மாதவிலக்கு நின்றதும் நிற்காததுமாக, எலும்பெல்லாம் வேகிற சூட்டோடு, மறுபடியும் பால் புட்டி கொதிக்கவைத்து, மறுபடியும் யாருடைய பிள்ளைக்கோ விழித்து. பதினாலு வயதில் ஒருமுறை செய்தாயிற்று, அம்மாவுக்கு ரத்தச்சோகை, இந்தத் தடியனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஜியாமெட்ரி படித்தேன். அதனால் அவனுக்கு வரவேண்டும். வந்தே ஆகவேண்டும். நான் இவ்வளவு நேரம் கண்ணாடியில் மூச்சுப் படியப் படியத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது பாசத்தால் இல்லை, அவன் முகத்தில் அது வருகிறதா என்று, வந்தால் நான் தப்பித்தேன். பிறந்து மூன்று நாளான ஒன்றைப் பார்த்து இப்படி நினைக்கிற ஒருத்திக்குப் பெயர் அத்தை. அதோ அவன் முகம். ஒன்றும் இல்லை. வலது கால் மரத்துவிட்டிருக்கும், பாதத்தை மடக்கி நீட்ட ஆரம்பித்தான், துணிக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டான். பச்சை எண்ணைப் பார்க்கிறான். கால் அப்படியே பாதி மடங்கினபடி நிற்கிறது. அந்தரத்தில் இருந்த கை எப்போது கீழே இறங்கியது, நான் பார்க்கவில்லை.

"தாரணி அட்டெண்டர் யாரும்மா, ஒரு ஆளு மேல போகலாம்." வாட்ச்மேன். கமலவேணி அத்தை குளிக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள், பார்த்திபன் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறான், நான்தான். படியேறும்போதே என்ன கேட்பாள் என்று தெரிந்துவிட்டதால் பதிலையும் ஏறிக்கொண்டே செய்தேன், முதல் மாடிக்குள் பாதி ஆகிவிட்டது. உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும். பிரஷர் ஏறும். பட்டுப்போன உடம்பு, அதனிடம் போய் உன் புருஷனுக்கு ஒன்றும் வரவில்லையாம் என்று சொல்வதற்கு நான் என்ன கசாப்புக்காரியா. நான் உள்ளதைச் சொல்கிறவள் என்று பேர் வாங்கியவள், அதற்காகவே பாதிக் கல்யாணங்களுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. இருந்தாலும். ராஜம் அத்தையும் இப்படித்தான் ஏறியிருப்பாளோ, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கரி போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. செருப்பைக் கழற்றி, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். தாரணி ஊதிப்போயிருந்தாள். முகம், விரல், எல்லாம். உதடு காய்ந்து பிளந்திருந்தது. அந்த மொபைல் வகுப்பைக் காட்டிச் சிரித்த பெண்ணை அந்த முகத்தில் தேடவேண்டியிருந்தது.

"அண்ணி," என்றாள். குரல் எங்கோ கிணற்றிலிருந்து. "எப்படி இருக்கு அது?"

அவளும் அது என்கிறாள். எனக்கு அப்போது அது காதில் விழவில்லை, நான் என் பதிலைக் கொட்டுவதில் இருந்தேன். "நல்லா இருக்கு. பார்த்திபன் நெஞ்சுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சட்டையைக் கழட்டிட்டு, கங்காரு மாதிரி."

"அவரா?"

"பின்ன நானா. வாங்கினதும் கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. குனிஞ்சு முத்தம் கொடுத்தான், நெத்தியில. நர்ஸெல்லாம் வேடிக்கை பாக்குறாங்க. உன் கிளாஸ்ல சொன்ன மாதிரியேதான், ஒட்டிக்கிச்சு ரெண்டும்." நன்றாகவே வந்தது. கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது, நெற்றியை விட்டிருக்கலாம். அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தாள், முடியவில்லை, கையில் ஊசி, மூக்கில் குழாய், திரும்ப இடமில்லாமல் நேராகப் படுத்தபடியே கண்ணின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போனது.

"என்னடி, எங்கயாவது வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடவா?"

"வேணாம். அவருக்கு வந்துடுச்சு."

"ஆமாங்கிறேன்."

"காலைல போன்ல போட்டோ காட்டினாங்க அண்ணி. டாக்டரம்மா. இதான் உன் பாப்பான்னு." உதட்டை நனைக்கப் பார்த்தாள், நான் பஞ்சைத் தண்ணீரில் தொட்டு வைத்தேன். "எனக்கு ஒண்ணுமே தோணல. யாரோ ஒரு குழந்தை. தள்ளுங்க, தூக்கம் வருதுன்னு இருந்துச்சு. நான்தானே பெத்தேன். அவருக்கே வந்துடுச்சு. எனக்கு வரலையே."

என் கையில் பஞ்சு. அப்பாக்களுக்கு வருமா வராதா என்று கீழே நின்று ஆயிரம் யோசித்தேன், ஒரு தடவையாவது இவளைப் பற்றி யோசித்தேனா. இவளுக்கு வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். கேள்வியே இல்லை. தண்ணீர் கேட்டாளாம் என்றதும் அடுத்தது குழந்தையைக் கேட்டிருப்பாள் என்று நானே போட்டுக்கொண்டேன். ஆறுதல் என்று மேலே தூக்கிக்கொண்டு வந்ததை இவள் தலையில் கொட்டியாயிற்று, மூன்று பேரில் இவள் ஒருத்திதான் வெளியே நிற்கிறாள் என்று நம்பவைத்தாயிற்று. மானிட்டரில் அவள் எண்ணும் ஏறுகிற மாதிரி இருந்தது, எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"தாரணி. நான் சொன்னது பொய்."

அவள் கண்ணை மட்டும் திருப்பினாள்.

"கண்ணு கலங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. முத்தமும் கிடையாது. ஒண்ணும் வரலைக்கான்னு எங்கிட்ட சொன்னான். மூணு நாளா நிக்கிறேன், யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்குன்னான். இப்பவும் அதும் முகத்தைப் பார்க்கல, பக்கத்துல மிஷின்ல நம்பர் ஓடுதுல்ல, அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"நிஜமா?"

"நான் பொய் சொன்னா எப்படி இருக்கும்னு இப்பதான் பார்த்தியே."

சிரிக்கவில்லை. ஆனால் மூச்சு ஒன்று நீளமாக வெளியே போனது, வயிற்றுத் தையலில் பிடித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். "எழுந்து போகலையே?"

"போகல. கால் மரத்துப்போச்சு, அப்படியே வச்சிருக்கான்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன், பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அங்கியைப் பிடித்தாள், பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்கவில்லை, தொட்டாள். "அவருகிட்ட சொல்லுங்க அண்ணி. எனக்கும்தான்னு. அவருகிட்ட மட்டும். அம்மாகிட்ட சொல்லிராதீங்க, உடனே ஜோசியருக்குப் போன் போட்டுடும்."

சரி என்றேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். அங்கியைக் கழற்றிக் கூடையில் போட்டேன், செருப்பு ஒன்று கிடைக்கவில்லை, யாருடையதோ அடியில் கிடந்தது. நல்ல செய்தி என்று எதுவும் என் கையில் இல்லை. சிறுநீரகம் அப்படியேதான் இருக்கிறது, கீழே இருப்பது மூச்சு விட மறந்துபோகிற வயதில்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை, வருமா என்று யாருக்கும் தெரியாது. படியிறங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அதே சாய்வில் இருந்தான், அதே கால், அதே பச்சை வெளிச்சம் முகத்தில். என்னைப் பார்த்ததும் தலையை அசைக்காமல் புருவத்தை மட்டும் தூக்கினான், அவள் எப்படி இருக்கிறாள், என்ன கேட்டாள் என்று. சுற்றிலும் நர்ஸுகள், வெளியே வாட்ச்மேன், லிஃப்டிலிருந்து கமலவேணி அத்தை ஈரத்தலையோடு இறங்கிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிச் சொல்கிற விஷயமில்லை இது. மணியை அழுத்தி, உள்ளே போகவேண்டும் என்றேன். கை கழுவிவிட்டு வாங்க, முழங்கை வரைக்கும், என்றார்கள். வளையலைக் கழற்ற ஆரம்பித்தேன்.